ஊர்க்காக்கையும் அண்டங்காக்கையும்: இரண்டையும் பிரித்தறியும் முறை

நம் நாட்டில் காக்கையை அறியாதார் ஒருவரும் இலர். அமாவாசை நாளில் காக்கைக்குச் சோறிட்ட பின்னரே உண்ணும் வழக்கம் பல இல்லங்களில் இன்றும் உண்டு. அவ்வளவு பழகிய பறவையாயிருந்தும், காக்கை என்ற ஒரே பெயரால் குறிக்கப்படுவன உண்மையில் இரண்டு வெவ்வேறு இனங்கள் என்பதையும், அவற்றின் உணவும் ஒழுக்கமும் பல வகையில் வேறுபட்டவை என்பதையும் உற்றுநோக்கி அறிந்தவர் சிலரே. ஒன்று ஊர்க்காக்கை, மற்றொன்று அண்டங்காக்கை.

இவ்வேறுபாட்டை அறிவதனால் உழவர்க்கு யாது பயன் என்று கேட்கலாம். விதைத்த நிலக்கடலை தோண்டப்பட்டுக் கிடக்கும்போதும், மக்காச்சோளக் கதிர் கிழிக்கப்பட்டிருக்கும்போதும், கோழிக்குஞ்சு காணாமற் போகும்போதும் பழி முழுவதும் காக்கையின்மேல் விழுகிறது. எந்தக் காக்கை என்று எவரும் கேட்பதில்லை. சேதத்தைச் செய்தது ஒன்றாக, தண்டனை மற்றொன்றுக்குச் செல்கிறது. சிலர் சினமிகுதியால் பூச்சிமருந்து கலந்த சோற்றை வரப்பில் வைத்துவிடுகின்றனர். அச்சோற்றைக் காக்கை மட்டுமா உண்ணும்? மைனாவும் மயிலும் வீட்டு நாயும் மேய்ச்சற் கோழியும் உண்டு மடிகின்றன. சேதம் செய்த பறவையோ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஏனெனில், தன் கூட்டத்தில் ஒன்று விழக் கண்ட காக்கை மறுமுறை அவ்விடத்தை அணுகத் தயங்கும். ஆகையால், இன்னது செய்தது இன்ன பறவை என்று தெளிந்துகொண்ட பின்னரே காப்பு முறையைத் தேடுதல் முறையாகும்.

இரண்டு இனங்கள்

ஊர்க்காக்கைக்குப் பறவை நூலார் இட்ட பெயர் கார்வஸ் ஸ்பிளெண்டென்ஸ் என்பது. 1817ஆம் ஆண்டில் இப்பெயர் வழங்கப்பெற்றது. ஒளிர்வது என்பது அதன் பொருள். அண்டங்காக்கைக்கு 1827ஆம் ஆண்டில் கார்வஸ் மாக்ரோரிங்கோஸ் என்ற பெயர் இடப்பெற்றது. பெரிய அலகுடையது என்பது இதன் பொருள். தென்னாட்டில் காணப்படும் அண்டங்காக்கையைத் தனி இனமாகவே கொள்ளவேண்டும் என்று கருதும் பறவை நூலாரும் உளர். உழவர்க்கு அவ்வாதம் வேண்டுவதில்லை. பெரிய அலகுடையது என்ற பொருளை மட்டும் நினைவிற் கொண்டாற் போதும். பிரித்தறிவதற்கான சிறந்த அடையாளம் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

நிறம்

முதலிற் காணவேண்டுவது கழுத்து. ஊர்க்காக்கையின் நெற்றி, உச்சி, தொண்டை, சிறகு, வால் ஆகியவை பளபளக்கும் கருநிறமுடையன. பிடரி, கழுத்து, மார்பு, மேல்முதுகு ஆகிய பகுதிகளோ சாம்பல் நிறமுடையன. கரிய முகத்தைச் சாம்பற் போர்வையொன்றால் சுற்றியதுபோல அது தோன்றும். அண்டங்காக்கை தலைமுதல் வால்வரை ஒரே கருமை. வெயில் படுமிடத்தில் நீலமும் ஊதாவுமாக மினுமினுக்கும். அதன் உடலில் சாம்பல் நிறம் எங்கும் இல்லை.

எனினும், நிறம் ஒன்றையே நம்பி முடிவு செய்தல் தவறு. ஊர்க்காக்கையின் கழுத்துச் சாம்பல் எவ்விடத்தும் ஒரே அளவினதன்று. வடநாட்டின் வறண்ட பகுதிகளில் அது வெளுத்துக் காணப்படும். தென்கோடியிலும் இலங்கையிலும் கருமையேறிக் காணப்படும். ஆகவே, நம் பக்கத்து ஊர்க்காக்கை தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு முழுக் கருமையாகத் தோன்றுவது எளிது. மழையில் நனைந்திருக்கும்போதும், விடியற்காலையில் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு கம்பியிலோ தென்னை மட்டையிலோ அமர்ந்திருக்கும்போதும் இம்மயக்கம் இன்னும் மிகும். கூட்டைவிட்டு அண்மையில் வெளிவந்த ஊர்க்காக்கைக் குஞ்சுகளிலும் கருமைக்கும் சாம்பலுக்கும் உள்ள எல்லை மங்கலாகவே இருக்கும். இவ்விடங்களில் மற்ற அடையாளங்களின் துணை வேண்டும்.

அலகும் நெற்றியும்

நிறம் ஏமாற்றினாலும் அலகு ஏமாற்றுவதில்லை. அண்டங்காக்கையின் அலகு தடித்து நீண்டது. மேலலகு நன்கு வளைந்து நுனியை நோக்கி இறங்கும். நெற்றி செங்குத்தாக எழுவதனால், அலகும் நெற்றியும் சேருமிடத்தில் ஒரு மூலை விழுந்தாற்போலக் காணும். ஊர்க்காக்கையின் அலகு அத்துணைப் பருமனில்லாதது. நெற்றியும் மெல்லச் சரிந்து அலகோடு பொருந்தும். உருவம் மட்டும் நிழல்போலத் தெரியும் நேரத்திலும் இவ்வேறுபாடு புலப்படும். கிராமச் சிறுவர்க்குக் கற்பிப்போர் இதனையே முதலடையாளமாகக் கற்பித்தல் நலம்.

அளவு

ஊர்க்காக்கை அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுடையது. அண்டங்காக்கை 46 முதல் 50 சென்டிமீட்டர்வரை இருக்கும். வழக்கிலுள்ள அளவாற் கூறின், முன்னது ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைந்தது. பின்னது ஒரு முழத்திற்குச் சற்று மிகுந்தது. இரண்டும் அருகருகே அமர்ந்திருப்பின் வேற்றுமை உடனே தெரியும். தனித்து ஒன்று மட்டும் நிற்கும்போது அளவை மதிப்பிடுவது கடினம். ஆதலால் அளவு துணையடையாளமேயன்றித் தலைமையானதன்று.

குரல்

காதும் கண்ணுக்கு உதவும். ஊர்க்காக்கையின் குரல் சற்று மெல்லியது. மூக்காற் பேசுவது போன்ற கா, கா என்ற ஒலி. அண்டங்காக்கையின் குரல் தடித்துக் கரகரப்பானது, அடித்தொண்டையிலிருந்து வருவது. வேறு சில குழறலான ஒலிகளையும் அது எழுப்புவதுண்டு. தோப்பினுள் இலைமறைவில் இருக்கும் பறவையை இன்னதென்று துணிவதற்குக் குரலே தக்க வழி.

இடமும் கூட்டமும்

ஊர்க்காக்கை மனிதரைச் சார்ந்தே வாழும். மனிதக் குடியிருப்பு இல்லாத இடத்தில் அது நிலைத்து வாழ்வதில்லை. வீட்டு முற்றம், சந்தை, மீன் கரை, களத்துமேடு, குப்பைமேடு ஆகியவை அதற்கு உரிய இடங்கள். பகலில் சிறு கூட்டங்களாக இரை தேடி, மாலையில் நூற்றுக்கணக்காகத் திரண்டு குறித்த மரங்களில் அடையும். அண்டங்காக்கை காட்டோரம், மலையடிவாரம், தென்னந்தோப்பு, ஊர்ப்புறத்துப் பெருமரங்கள் ஆகிய இடங்களை விரும்பும். பெரும்பாலும் இணையாகவோ இரண்டு மூன்றாகவோ காணப்படும். காட்டினுள் புலியோ சிறுத்தையோ கொன்றிட்ட விலங்கு எங்குக் கிடக்கிறதென்பதை இப்பறவை கூடுமிடத்தைக்கொண்டு அறிவது வனத்தில் பழகியோர் கையாளும் முறையாகும்.

ஆயினும் இவ்வெல்லை வேலிபோல் உறுதியானதன்று. அண்டங்காக்கை ஊருக்குள்ளும் வரும்; செத்த கால்நடை கிடக்குமிடத்தில் இரண்டும் கலந்து நிற்பதைக் காணலாம். ஆகையால், ஊருக்குள் இருப்பதெல்லாம் ஊர்க்காக்கை என்று கொள்ளலாகாது.

கூடும் முட்டையும்

இரண்டும் சுள்ளிகளாற் கூடு கட்டும். ஊர்க்காக்கை வீட்டருகிலுள்ள மரங்களில் கட்டுவதோடு, இரும்புக் கம்பித் துண்டுகளையும் கூட்டிற் சேர்த்துக்கொள்ளும். அண்டங்காக்கை உயர்ந்த மரத்தின் கவட்டில் கட்டி, நாரும் மயிரும் இட்டு உள்ளே மெத்தை செய்யும். தென்னாட்டில் அண்டங்காக்கை பெரும்பாலும் மார்ச்சு முதல் மே வரையிலும், ஊர்க்காக்கை ஏப்ரல் முதல் சூலை வரையிலும் இனம்பெருக்கும். முட்டைகள் இரண்டிற்கும் வெளிறிய நீலப்பச்சை நிறமும் பழுப்புப் புள்ளிகளும் உடையன. ஆதலின் முட்டையைக்கொண்டு இனத்தைத் துணிதல் இயலாது. ஆணும் பெண்ணும் இரண்டினத்திலும் ஒன்றுபோலவே இருக்கும்.

குயில் முட்டையிடுவது பெரும்பாலும் ஊர்க்காக்கையின் கூட்டிலாகும். அண்டங்காக்கையின் கூட்டிலும் இடுவதுண்டு. காக்கைக் கூட்டைக் கண்டவிடமெல்லாம் கலைப்போர் குயிலின் இனத்தையும் சேர்த்தே அழிக்கின்றனர் என்பதை அறியவேண்டும்.

மயக்கம் தரும் வேறு இரு பறவைகள்

கரிய பறவை யாவும் காக்கையல்ல. ஆண்குயில் முழுக் கருமையுடையதாதலால் அதனைச் சிறுகாக்கை என்று எண்ணுவோர் உளர். குயிலின் கண் சிவந்தது, அலகு வெளிறிய பச்சை, வால் நீண்டது. அது பழந்தின்னி, இலைச்செறிவை விட்டு வெளியில் வந்து தரையில் நடமாடுவது அரிது.

மற்றொன்று, இரட்டைவால் குருவி என்றும் வழங்கும் கரிச்சான். இது காக்கையினும் மிகச் சிறியது. வால் நுனி மீன்வால் போலப் பிளந்திருக்கும். கம்பியிலும் மாட்டின் முதுகிலும் அமர்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். தன் கூட்டை நெருங்கும் காக்கையைத் துணிந்து துரத்தும். தானியத்தை இது தொடுவதில்லை. பயறு, பருத்தி ஆகிய பயிர்களில் ஏக்கருக்குப் பத்து முதல் இருபது வரை குறுக்குக் கம்பு கட்டிய குச்சிகளை நட்டுவைத்தால், கரிச்சான் அவற்றில் அமர்ந்து காய்ப்புழுக்களையும் அந்துப்பூச்சிகளையும் உண்ணும். கரியது என்ற ஒரே காரணத்தால் இப்பறவையைக் கல்லெறிந்து விரட்டுதல், கூலியில்லாத காவற்காரனைத் தானே வெளியேற்றுவதாகும்.

உணவும், அதனால் விளையும் நன்மை தீமைகளும்

இரண்டு காக்கைகளும் எதையும் உண்பவை. ஆயினும் நாட்டம் வேறு. ஊர்க்காக்கை வீட்டுக் கழிவு, தானியம், பழம், வெட்டுக்கிளி, கறையான், தவளை, பிற பறவைகளின் முட்டை ஆகியவற்றை உண்ணும். ஏர் செல்லும்போது பின்தொடர்ந்து, மண்ணிலிருந்து புரளும் புழுக்களைப் பொறுக்கும். கால்நடைகளின் உடலிலுள்ள உண்ணியைக் கொத்தித் தின்னும். புண் இருப்பின் அதனையும் கொத்திப் பெரிதாக்கிவிடும். விதைத்த நிலக்கடலையையும், பால்பிடித்து முற்றும் பருவத்து மக்காச்சோளக் கதிரையும், காயவைத்த தானியத்தையும் கவர்வது பெரும்பாலும் இதுவேயாகும்.

அண்டங்காக்கை ஊன் உணவில் நாட்டமுடையது. செத்த பிராணிகள், எலி, ஓணான், பறவைக்குஞ்சு, முட்டை ஆகியவற்றை மிகுதியாக உண்ணும். முற்றத்தில் மேயும் கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்வதில் இது வல்லது. இது செய்யும் உதவியும் சிறிதன்று. 1990களில் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் பெருவாரியாக அழிந்தன. கால்நடைகளுக்கு இடப்பட்ட டைக்ளோபினாக் என்ற மருந்தே அதற்குக் காரணமென்று கண்டறியப்பட்டு, 2006ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடைசெய்யப்பட்டது. கழுகில்லாத ஊர்களில் செத்த பிராணிகளின் ஊனை அகற்றும் வேலையில் ஒரு பங்கு அண்டங்காக்கையைச் சார்ந்துள்ளது. அதனையும் நஞ்சிட்டு அழிப்பின், அவ்வேலை தெருநாய்க் கூட்டத்திற்கே சென்றடையும்.

காக்கை முழுவதும் நல்லது என்பதும் முழுவதும் தீயது என்பதும் உண்மையாகா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, மலாயாவின் கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து ஊர்க்காக்கைகள் கொண்டுசெல்லப்பட்டன. புழுத்தின்னியாகச் சென்ற பறவை நாளடைவில் அந்நாட்டு நகரங்களில் பெருந்தொல்லையாயிற்று. ஆப்பிரிக்கக் கீழ்க்கரையிலும் அவ்வாறே பரவி, உள்ளூர்ப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அழித்தமையால், பத்து இலட்சம் ஊர்க்காக்கைகளை ஒழிக்கும் திட்டத்தைக் கென்யா அரசினர் 2024ஆம் ஆண்டில் அறிவித்தனர். தன் பிறப்பிடத்தில் அளவோடிருக்கும் பறவை, குப்பையும் கழிவும் மலிந்த இடத்தில் அளவின்றிப் பெருகும் என்பதே இதனால் அறியத்தக்கது.

சேதத்தைக்கொண்டு இனத்தை அறிதல்

பறவையை நேரிற் காணாதபோது சேதமே சான்றாகும். விதைக்குழி வரிசையாகத் தோண்டப்பட்டு, ஓட்டுத்துண்டும் உடைந்த பருப்பும் கிடப்பின், கூட்டமாக வந்த ஊர்க்காக்கையை ஐயுறலாம். மக்காச்சோளக் கதிரின் மேல்தோல் நுனியிலிருந்து கிழிக்கப்பட்டு, மேற்பக்கத்து மணிகள் மட்டும் கொத்தப்பட்டிருப்பின் அதுவும் காக்கையின் வேலையே. கதிரைக் கடித்துத் துண்டுதுண்டாகக் கீழே சிதறியிருப்பின் அது கிளியாகும். இரவில் தோண்டப்பட்டிருப்பின் காக்கையைக் குறைகூறல் வீண். காக்கை இரவில் இரை தேடுவதில்லை. அங்கு எலியையோ பன்றியையோ தேடவேண்டும். குஞ்சு மட்டும் பகலில் ஒவ்வொன்றாகக் குறையுமாயின் அண்டங்காக்கையையும் பருந்தையும் காத்துப் பார்க்கவேண்டும். பெருங்கோழியே காணாமற் போயின் அது இரண்டுமன்று.

காப்பு முறைகள்

ஊர்க்காக்கைக்கு: நிலக்கடலையை உரிய ஆழத்தில் விதைத்து நன்கு மண் மூடுக. சிந்திய விதையை வயலில் விட்டுவைக்கலாகாது. முதற் காக்கையை அழைப்பது அதுவே. விதைத்த நாள்முதல் முளை வேரூன்றும் வரையில், விடியலிலும் பிற்பகலிலும் ஆள்நிறுத்திக் காத்தல் வேண்டும். அக்கம்பக்கத்து நிலத்தார் ஒரே வாரத்தில் விதைப்பின் சேதம் பங்கிடப்பட்டு ஒவ்வொருவர்க்கும் குறையும். பளபளப்பான நாடாவும் வெருளிப்பொம்மையும் சில நாளே பயன்தரும். காக்கை விரைவில் அறிந்துகொள்ளும் பறவையாதலால், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை அவற்றை இடம்மாற்றுக. எல்லாவற்றினும் முதன்மையானது, களத்தருகிலும் ஊர்க்கோடியிலும் கழிவு சேரவிடாமை.

அண்டங்காக்கைக்கு: பொரித்த குஞ்சுகளை முதல் நான்கு வாரம் பஞ்சாரத்திலோ வலையிட்ட அடைப்பிலோ வைத்து வளர்க்க. வெளியில் மேயவிடும்போது தாய்க்கோழியோடு, நிழற்பந்தலின் கீழ் விடுக. செத்த கோழியையும் கால்நடையையும் ஆழப் புதைக்க. வெளியில் எறியப்பட்ட ஊனே அண்டங்காக்கையை வீட்டுப்பக்கம் பழக்குகிறது.

நஞ்சு எவ்விடத்தும் ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், எலி முதலியவற்றோடு ஊர்க்காக்கையும் தீங்குயிர்ப் பட்டியலில் முன்பு இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்பட்டியலே நீக்கப்பட்டது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, காக்கையைக் கொல்லத் தடையில்லை என்ற பழைய எண்ணத்தை விட்டொழிக்கவேண்டும். வரப்பில் இட்ட நஞ்சினால் தேசியப் பறவையாகிய மயில் ஒன்று இறப்பினும் அக்குற்றம் இட்டவரையே சாரும். ஒரு மூட்டைக் கடலையைக் காக்க முயன்று வழக்கிற் சிக்கிக்கொள்வது அறிவுடைமையன்று.

கிராம அலுவலர் கவனிக்கவேண்டுவன

காக்கை மரணம் சில வேளைகளில் பெருநோயின் முன்னறிவிப்பாகும். 2020 டிசம்பர் இறுதியிலும் 2021 ஜனவரியிலும் இராஜஸ்தானத்து ஜாலாவாரிலும் மத்தியப் பிரதேசத்து இந்தூரிலும் காக்கைகள் கூட்டமாக மடிந்தன. பரிசோதனையில் அது பறவைக் காய்ச்சலென்று கண்டறியப்பட்டது. ஓரிடத்திற் பல காக்கைகள் இறந்து கிடப்பதாகச் செய்தி வரின், அதனைச் சிறு செய்தியென்று தள்ளலாகாது. இறந்த பறவையை வெறுங்கையால் தொடவும், நாய்க்கு இரையாகவும் விடலாகாது. அருகிலுள்ள கால்நடை மருத்துவர்க்கு அன்றே தெரிவித்து, அவர் வரும்வரை சிறுவரும் கோழிகளும் அவ்விடத்தை அணுகாமற் காக்கவேண்டும்.

அறிக்கையில் நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றோடு பறவையின் இனத்தையும் குறிப்பிடுக. நூற்றுக்கணக்கில் ஒருங்கே அடையும் ஊர்க்காக்கைகள் மரத்தடியில் மடிந்து கிடப்பின் நோயை முதலில் ஐயுறுதல் தகும். செத்த ஆடு மாட்டின் அருகில் இரண்டு மூன்று அண்டங்காக்கைகள் மட்டும் கிடப்பின், அவ்வூனில் நஞ்சு உண்டோ என்றும் ஆராயவேண்டும். முடிவு கூறுவது மருத்துவரின் பரிசோதனையே. எனினும், வெறும் காக்கை என்று எழுதாமல் இனத்தைக் குறிப்பிட்ட அறிக்கை அவர் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதைக் காட்டும்.

தொகுப்பு

ஊர்க்காக்கை: சாம்பற் கழுத்து, நடுத்தர அலகு, சரிந்த நெற்றி, முழத்திற்குக் குறைந்த நீளம், மெல்லிய குரல், பெருங்கூட்டம், விதைக்கும் கதிருக்கும் காவல் வேண்டும்.

அண்டங்காக்கை: முழுக் கருமை, தடித்து வளைந்த அலகு, எழுந்த நெற்றி, முழத்திற்கு மிகுந்த நீளம், கரகரத்த குரல், இணை அல்லது சிறு குழு, குஞ்சுக்கும் முட்டைக்கும் காவல் வேண்டும்.

மேற்கூறிய அடையாளங்களுள் ஒன்றைமட்டும் கண்டு துணியாமல், இரண்டேனும் பொருந்தக் கண்ட பின்னரே இனத்தை முடிவு செய்க. ஒரு வாரம் காலையும் மாலையும் தத்தம் களத்துமேட்டில் நின்று நோக்குவோர்க்கு இப்பயிற்சி எளிதில் கைவரும். அதன்பின், விதைப்புக்கு முன்னதாகவே எந்தப் பறவைக்கு எந்தக் காவல் என்று திட்டமிடுதல் கூடும். நஞ்சைத் தேடி ஓடவேண்டிய நிலையும் நேராது.